மாடியில் இருந்த தண்டவாளம்

கல்யாணமாகி மூன்று வாரம்வரை அந்த மாடி அறைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

சின்ன காஞ்சிபுரத்தில் என் மாமனார் வீடு. கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டிருந்தது. மாமனார் காலையில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அத்தை சன்னலோரம் ராட்டையில் ஜரிகை சுற்றிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்குக் கொடுத்த அறை பின்கட்டில். சமையலறைப் பக்கமாக ஒரு மரப்படி மேலே ஏறியது. மேலே ஒற்றை அறை, கதவில் பித்தளைப் பூட்டு. சாவி என் கணவரின் சட்டைப்பையில் இருக்கும்.

"மேல பெருக்கணுமா அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது அவன் ரூமு. நான் போறதில்ல." ராட்டையை நிறுத்தாமல் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "நீயும் போவாத," என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் அவர் மேலே போய்விடுவார். ஆபீஸ் வேலை என்பார். மின்சார ஆபீஸில் அவருக்கு உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமையில் மாடியில் உட்கார்ந்து செய்கிற மின்சார வேலை என்னவென்று யாரும் கேட்கவில்லை. இறங்கி வரும்போது முகம் தெளிவாக இருக்கும். விரல் நுனிகள் மட்டும் கறுப்பாக இருக்கும்.

மூன்றாவது ஞாயிறு, படியில் நின்று, "வரியா?" என்று கேட்டார். போனேன்.

பழைய கதவுப் பலகை இரண்டைச் சேர்த்து ஒரு பெரிய மேஜை. அதன்மேல் இரண்டு வளையமாகத் தண்டவாளம். ஒரு விரற்கடை அகலம்கூட இருக்காது. ஆனால் அடியில் குறுக்கே போடுகிற சிலிப்பர் கட்டை முதற்கொண்டு எல்லாம் இருந்தது. ஓரிடத்தில் உள்வளையமும் வெளிவளையமும் சேர்ந்து பிரிந்தன. என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு எஞ்சின், பின்னால் நாலு பெட்டி. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடைகளில் துண்டு துண்டாகத் தேடி, மூன்று வருஷத்தில் சேர்த்தாராம். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் குமிழைத் திருப்பினார். எஞ்சின் கிளம்பியது.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உடனே நானும் நிறுத்திக்கொண்டேன். சிரிக்கக் கூடாதா, அல்லது அவர் சிரிப்பதற்காகக் காத்திருக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

என் அப்பா அரக்கோணத்தில் ரயில்வேயில் கீமேன். நைனா என்றுதான் கூப்பிடுவோம். தோளில் சுத்தியலோடு தினமும் நாலைந்து மைல் தண்டவாளத்தின்மேல் நடந்து, கழன்ற ஆப்புகளைத் தட்டி இறுக்குவது அவர் வேலை. வெயிலில் உள்ளங்கால் கொப்பளித்து வருவார். தண்டவாளம் என்றால் எனக்கு அதுதான். இங்கே இருபத்தெட்டு வயது மனிதர், சம்பளம் வாங்குகிறவர், மேஜையில் கவிழ்ந்து தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உண்மையாகத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. ரயில் ஓடியது பத்து நிமிஷம். துடைப்பு இரண்டு மணி நேரம். மெல்லிய துணியை விரலில் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, தண்டவாளத்தின்மேல் ஒரே திசையில் இழுப்பார். துணியில் கறுப்புக் கோடு விழும். மடித்து, சுத்தமான பக்கத்தால் மறுபடி. பிறகு எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரங்களைத் துடைப்பார். தண்டவாளத் துண்டுகள் சேரும் மூட்டுகளை நகத்தால் அழுத்திப் பார்ப்பார்.

"இந்தத் தண்டவாளம் வழியாத்தான் கரண்ட் போவுது. அழுக்கு இருந்தா சக்கரத்துக்கு ஏறாது, நின்னுடும்," என்றார். பிறகு, "கீழ சொல்லிடாதம்மா. சிரிப்பாங்க," என்றார்.

நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அத்தை தணிந்த குரலில் கேட்டார்கள்: "மேல போனியாமே. ஒரு வாசனை வருதே அங்கேர்ந்து. உனக்குத் தெரியுமா?"

அத்தைக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும், என் வாயிலிருந்து வருகிறதா என்று பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொல்லவும் மனமில்லை, அவருக்குக் கொடுத்த வாக்கை மீறவும் முடியவில்லை. "தெரியும் அத்தை. வாரத்துக்கு ஒரு தடவைதான். கொஞ்சமாத்தான்," என்றேன்.

அத்தையின் முகம் சுருங்கிப்போனது. முறத்தை வைத்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வருஷமே அவரை ஏழு மாதப் பயிற்சிக்கு மேட்டூருக்கு அனுப்பினார்கள். கிளம்புகிற காலையில் சாவியை என் கையில் கொடுத்தார். "வாரம் ஒரு தடவை துடைச்சு ஓட்டு. சும்மா விட்டா துரு பிடிக்கும். மெதுவான துணி. உப்புத்தாள் மட்டும் படவே கூடாது." பஸ் ஏறும்வரை வேறு எதுவும் சொல்லவில்லை. வேறு ஏதாவது சொல்வார் என்று நான் ஜன்னலுக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவர் கடிதம் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். மாமனார் தறியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படிப்பார். அம்மாவின் முட்டிவலி, தறியில் என்ன புடவை, மழை உண்டா என்று விசாரித்துவிட்டுக் கடைசியில் இரண்டு வரி எழுதியிருப்பார்: "மாடியில் உள்ள ஆபீஸ் சாமான் எப்படி இருக்கிறது? வாரா வாரம் துடைத்து வைக்கச் சொல்லவும்." அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு சொல் இருக்காது. மாமனார் மடித்து வைத்த பிறகு நான் எடுத்துப்போய்ச் சமையலறை வெளிச்சத்தில் மறுபடி படிப்பேன். ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்குமோ என்று திருப்பிப் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமைதோறும் மேலே போய்த் துடைத்தேன். முதல் மாதம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அவர் வைத்துவிட்டுப் போன துணியும் ஸ்பிரிட்டும் தீர்ந்தன.

மதுவிலக்கு இருந்த காலம். மருந்துக் கடையில் போய், "ஸ்பிரிட் வேணும்," என்றேன். கடைக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கும்மா?"

"துடைக்கறதுக்கு."

"புண்ணா?"

"இல்ல. சாமான்."

"என்னா சாமான்?"

காசை மட்டும் நீட்டினேன். பக்கத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி இருமல் மருந்துக்கு நின்றுகொண்டிருந்தாள். அவளும் என்னையே பார்த்தாள். கடைசியில் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து, "அடுத்த தடவை வூட்டுக்காரரை வரச் சொல்லு," என்றார். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். மறைக்க வேண்டிய அவசியம் என்னவென்று பாதி வழியில்தான் யோசித்தேன். அதற்குள் வீடு வந்துவிட்டது.

துணிக்கு எனக்கு நல்ல யோசனை ஒன்று தோன்றியது. என் அம்மாவின் பழைய பட்டுப் புடவை ஒன்று மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோய் என் பெட்டியில் கிடந்தது. அதைவிட மெதுவான துணி உலகத்தில் இல்லை. ஒரு முழம் கிழித்து மேலே வைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்திலிருந்து ரயில் நிற்க ஆரம்பித்தது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று நிற்கும். நின்ற இடத்தைத் துடைப்பேன், ஓடாது. டிரான்ஸ்ஃபார்மர் வண்டுபோல ரீங்காரம் செய்யும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தானாகவே கிளம்பும். மறுபடி வேறு இடத்தில் நிற்கும். முடி கருகுவதுபோல ஒரு வாசனை வேறு. என் பின்னல்தான் எதிலோ பட்டுவிட்டதென்று நினைத்து, கொண்டை போட்டுக்கொண்டு மேலே போக ஆரம்பித்தேன். துடைக்கத் துடைக்க அதிகமானது. ஒரு வெள்ளிக்கிழமை நாலு தடவை முழு வளையமும் துடைத்தேன், ஒரு சுற்றுகூட ஓடவில்லை. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று போனேன். எனக்கு அந்த ரயில்மேல் ஆசையே கிடையாது. ஆனால் இரவில் படுத்தால் கண்ணுக்குள் அதுதான் நின்றுகொண்டிருந்தது.

அவருக்கு எழுதினேன். பதிலை மாமனார் படித்தார்: "ஆபீஸ் சாமானில் உள்ள உருளைகளில் கறுப்புப் படிந்திருக்கும். கழற்றித் துடைக்கவும்."

"பொறுப்பான புள்ள," என்றார் மாமனார். அத்தை ராட்டையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உருளை என்று அவர் எழுதியது எஞ்சின் சக்கரங்களை. கழற்றித் துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அன்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கீழே இறங்கி, மாமனாரின் தறிக்கட்டையைத் தேய்க்க வைத்திருந்த உப்புத்தாளை எடுத்துவந்தேன். கூடாது என்று அவர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் தேய்த்தேன். தண்டவாளம் புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள், அந்தக் கீறல்களுக்குள்ளெல்லாம் அழுக்கு போய் உட்கார்ந்துகொண்டு, முன்னைவிட மோசமானது.

அடுத்த கடிதத்தில், "சாமான் நன்றாக இருக்கிறது," என்று எழுதினேன்.

நைனா என்னைப் பார்க்க வந்தது அந்தச் சமயத்தில்தான். வேர்க்கடலை மூட்டையோடு வந்தார். அத்தை கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். மாமனாருக்குத் தறிச் சத்தத்தில் காது கேட்காது. நைனாவைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனேன். அவரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

கதவைத் திறந்ததும் நைனா அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"அவருதான்."

நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மேஜையோரம் குந்தி, கன்னத்தைப் பலகையில் வைத்து ஒரு கண்ணை மூடித் தண்டவாளத்தைப் பார்த்தார். லைனில் நேர்க்கோடு சரியாக இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்.

"மூணாவது ஜாயின்ட் தூக்கிக்கினு இருக்குது," என்றார். அழுத்திவிட்டார். விரலால் தடவிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "யாரும்மா இதைப் போட்டுத் தேய்ச்சது?"

"நான்தான் நைனா."

"ஏம்மா?"

"நின்னுடுது. ஏன் நிக்குதுன்னு தெரியல."

நைனா தாடையைச் சொறிந்தார். "நம்ம லைன்ல வண்டி நின்னா, எறங்கிப் பாத்தா மாடு நின்னுக்கினு இருக்கும். இதுல நான் என்னத்தப் பாக்கறது?" ஓட்டிக் காட்டச் சொன்னார். நல்லவேளையாக ஒரு சுற்று ஓடியது. நைனா பெட்டிகளைப் பார்க்கவில்லை, சக்கரத்துக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாப்பிள்ளைக்கு இது எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"தெரியல நைனா."

"உன்னை நல்லா வச்சிக்கினு இருக்காரா?"

அதற்கும் தெரியவில்லை என்றுதான் சொல்ல வாய் வந்தது. "இருக்கார்," என்றேன். நைனா படியிறங்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அமாவாசையன்று தறி ஓடாது. மாமனார் கோயிலுக்குப் போயிருந்தார். வீடு அமைதியாக இருந்தது. நான் மேலே பட்டுத் துணியும் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தேன். ரயில் நின்றுபோய் டிரான்ஸ்ஃபார்மர் இரைந்துகொண்டிருந்தது. அறையெல்லாம் ஸ்பிரிட் வாசனை. படியில் காலடிச் சத்தம் கேட்டது. அந்தப் படியில் அத்தை ஏறி நான் பார்த்ததே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். மூச்சு வாங்கியது. அவர்கள் பார்வை முதலில் போனது என் கையிலிருந்த பாட்டிலுக்கு.

"நீயுமாம்மா?" என்றார்கள்.

"என்னா அத்தை?"

"மருந்துக் கடையில நீ வாங்கினதப் பாத்தவ வந்து எங்கிட்டச் சொல்லிட்டா. அவன்தான் கெட்டுப் போயிட்டான், கட்டிக்கினு வந்த பொண்ணு திருத்துவான்னு நெனச்சேன். வாரத்துக்கு ஒரு தடவ, கொஞ்சமாத்தான்னு நீயே எங்கிட்டச் சொன்னியே. இப்போ அவன் இல்லாதப்பவும் வாசனை வருதே!"

பாட்டிலைப் பார்த்தேன், அத்தையைப் பார்த்தேன். புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து நகர்ந்து மேஜையைக் காட்டினேன். "இதைத் துடைக்கறதுக்கு அத்தை. அவரும் இதைத்தான் துடைச்சார்."

அத்தை மேஜையருகே வந்தார்கள். எஞ்சினை, வளையத்தை, கறுத்த துணிகளைப் பார்த்தார்கள். மூன்று வருஷம் தன் மகன் பூட்டிய அறைக்குள் குடிக்கிறான் என்று நினைத்து, பார்த்துவிடுவோமோ என்ற பயத்தில் படியேறாமல் இருந்தவர்கள். சிரிப்பார்களா அழுவார்களா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் இல்லை. மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஜரிகை கருகற வாசனை வருதே," என்றார்கள்.

"முடி வாசனை இல்லியா?"

"நாப்பது வருஷமா ஜரிகையக் கொளுத்திப் பாத்து வாங்கறவ நான். எனக்குத் தெரியாதா?" குனிந்து மோந்துகொண்டே போனார்கள். இரண்டு வளையமும் சேர்ந்து பிரிகிற இடத்தில் நின்றார்கள். தண்டவாளங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி, மயிரிழை இடைவெளி விட்டிருக்கும் இடம் அது. நகத்தால் எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்கள். இமை மயிர் நீளத்துக்கு ஒரு ஜரிகை இழை. பாதி கருகியிருந்தது.

"நம்ம வூட்டு ஜரிகை இல்ல. பழசு. எங்கேர்ந்து வந்தது?"

என் கையிலிருந்த அம்மாவின் புடவைத் துண்டை விரித்தேன். சின்னச் சின்ன ஜரிகைப் புட்டாக்கள். ஒவ்வொன்றிலிருந்தும் இழை பிரிந்து தொங்கியது.

அந்த இழை இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிட்டால் கரண்ட் அதன் வழியே போய்விடும், எஞ்சின் எங்கே இருந்தாலும் நின்றுவிடும், இழை கருகி அறுந்தால் மறுபடி ஓடும் என்று பிறகு அவர் எனக்கு விளக்கினார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் எவ்வளவுக்கெவ்வளவு அக்கறையாகத் துடைத்தேனோ அவ்வளவு கெடுத்திருக்கிறேன் என்பதுதான். அத்தை தன் பழைய நூல் புடவையைக் கிழித்துக் கொடுத்தார்கள். இருவருமாக அந்த இடத்தைத் துடைத்தோம். ரயில் ஓடியது. ஐந்து சுற்று நிற்காமல்.

"இவ்ளோதானா?" என்றார்கள் அத்தை. "இதுக்கா பூட்டு?" பிறகு என் கையை இறுக்கிப் பிடித்து, "நான் இன்னா நெனச்சேன்னு அவங்கிட்டச் சொல்லிடாதம்மா," என்றார்கள்.

அவர் திரும்பி வந்த அன்று அத்தை பாயசம் வைத்தார்கள். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, சாப்புடு," என்று இன்னொரு கரண்டி ஊற்றினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

மேலே போனதும் முதலில் பூட்டு இல்லாத கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து தண்டவாளத்தில் விரலை வைத்து இழுத்தார். விரல் நின்றது. நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பட்டுத் துணி, உப்புத்தாள், நான் எழுதிய பொய், நைனா அழுத்திய ஜாயின்ட், எல்லாம். அத்தை நினைத்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் கீறல்களை மறுபடி தடவிப் பார்த்தார். "எந்த உப்புத்தாள்? நைஸா, முரடா?" என்று கேட்டார்.

"முரடு."

"ம்."

கோபமா இல்லையா என்று அந்த 'ம்'மிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. "ஏழு மாசத்துல சாமான் எப்படி இருக்குன்னுதான் கேட்டீங்க. நான் எப்படி இருக்கேன்னு ஒரு வரி எழுதல," என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "அப்பா சத்தமா படிப்பாரும்மா. எப்படி எழுதறது? சாமான்னு எழுதினது உன்னைத்தான்."

எனக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த கணம் சந்தேகம் வந்தது. "அப்போ உருளையைக் கழட்டித் துடைன்னு எழுதினீங்களே?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது எஞ்சினைத்தான்."

எந்தக் கடிதத்தில் எந்த வரி எனக்கு, எது எஞ்சினுக்கு என்று எத்தனையோ நாள் அந்தக் கடிதங்களை எடுத்துவைத்துப் பிரிக்கப் பார்த்திருக்கிறேன். முடிந்ததில்லை.

நாலு துண்டுத் தண்டவாளத்தை மாற்ற வேண்டியிருந்தது. மற்றவற்றை ரப்பரால் தேய்த்துத் தேய்த்து ஒரு மாதத்தில் சரிசெய்தார். நானும் கூட உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை, ஏன் உட்கார்ந்தேன் என்றும் தெரியவில்லை. அவர் உள்வளையம், நான் வெளிவளையம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை ஒரு முறம் கொத்தவரங்காயோடு மேலே வந்து சுவரோரம் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தார்கள். நாங்கள் துடைத்து முடித்ததும் அவர் குமிழைத் திருப்பினார். ரயில் கிளம்பியது. அத்தை காய் கிள்ளுவதை நிறுத்திப் பார்த்தார்கள்.

"இது எங்கடா போவுது?"

"எங்கயும் போவலம்மா. சுத்தி வருது."

"அப்போ எதுக்கு இம்மாம் நேரம் தொடச்சீங்க ரெண்டு பேரும்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், எனக்குப் பதில் தெரியும் என்பதுபோல. அவர் சொல்வாரென்று நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ரயில் இரண்டு சுற்று வந்துவிட்டது. அத்தை குனிந்து அடுத்த காயை எடுத்தார்கள்.